கூலிக்குள் மறைந்த வாடகை

வெளியூர் ஆட்கள் வேலை தேடி வந்து குவிகிற ஊரில் முதலில் ஏறுவது வீட்டு வாடகை. ஆல்பர்ட் சாயிஸ் என்ற பொருளியலாளர் 2007இல் வெளியிட்ட ஆய்வு, அமெரிக்க நகரங்களைப் பொறுத்தவரை இதற்கு ஒரு கணக்கே தந்தது: ஒரு நகரத்தின் மக்கள்தொகையில் 1 விழுக்காட்டுக்குச் சமமான குடியேறிகள் வந்து சேர்ந்தால் அங்கே சராசரி வாடகையும் வீட்டு விலையும் ஏறத்தாழ 1 விழுக்காடு உயர்கின்றன. ஏறிய வாடகை கூலியை மேலே தள்ளும். கூலி ஏறினால் சில தொழில்கள் ஊரைவிட்டுப் போகும், சில இயந்திரத்துக்கு மாறும், சில விலையை ஏற்றிச் சமாளிக்கும். சிங்கப்பூர் இந்தச் சங்கிலியைத் தொடக்கத்திலேயே அறுத்துவைத்திருக்கும் ஊர். 2023 இறுதியில் கட்டுமானம், கப்பல் பட்டறை, எண்ணெய் இரசாயன ஆலைப் பணி ஆகிய மூன்று துறைகளில் மட்டும் 4.4 லட்சம் வெளிநாட்டு ஊழியர்கள் வேலை அனுமதிச் சீட்டில் அங்கே இருந்தார்கள். 60 லட்சம் பேர் வாழும் தீவில் இது 7 விழுக்காட்டுக்கு மேல். சாயிஸ் சிங்கப்பூருக்காக எழுதவில்லை என்றாலும், அவர் கணக்கை அப்படியே போட்டுப் பார்த்தால் வாடகையில் அது தெரிந்திருக்க வேண்டும். தெரியவில்லை. காரணம், இவர்களில் மிகப் பெரும்பாலோர் வாடகைச் சந்தைக்கே வருவதில்லை. வர விதி இடம் கொடுப்பதில்லை. உழைப்பை நகரத்துக்குள் எடுத்துக்கொண்டு, உழைப்பவன் தங்கும் செலவை நகரத்தின் வீட்டுச் சந்தைக்கு வெளியே வைத்த இந்த ஏற்பாட்டினால்தான் கூலி மலிவாகத் தெரிகிறது. ஆனால் அந்தச் செலவு எங்கும் போய்விடவில்லை. வேறு வழிகளில், பெரும்பாலும் தாமதமாக, அதே வட்டாரப் பொருளாதாரத்தின் தலையில்தான் அது வந்து விழுகிறது.

இந்தத் தடுப்புச் சுவர் எப்படி எழுந்தது என்பதைப் பார்க்க, சிங்கப்பூர் தன் சொந்த மக்களுக்கு வீடு கொடுத்த கதையிலிருந்து தொடங்க வேண்டும். 1960இல் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் (சுருக்கமாக வீவக) தொடங்கப்பட்டது. 1964இல் வீட்டு உரிமைத் திட்டம் வந்தது. 1966இன் நில எடுப்புச் சட்டம் அரசுக்குக் குறைந்த விலையில் நிலம் கிடைக்க வழிசெய்தது. இன்று சிங்கப்பூர்வாசிகளில் முக்கால்வாசிக்கு மேல் வீவக வீடுகளில் வாழ்கிறார்கள். உலகமே வியக்கும் இந்தச் சாதனையைப் பற்றிப் பேசுபவர்கள் நிலத்தைப் பற்றிப் பேசும் அளவுக்கு, அந்த அடுக்குமாடிகளைக் கட்டிய கைகளைப் பற்றிப் பேசுவதில்லை. வீவக வீட்டின் விலை கட்டுக்குள் நின்றதற்கு நிலம் ஒரு காரணம். இந்தியாவிலிருந்தும் வங்கதேசத்திலிருந்தும் வந்த மலிவான உழைப்பு இன்னொரு காரணம். அந்த வீடுகளைக் கட்டியவர்களுக்கு அவற்றில் ஓர் அறையை வாடகைக்கு எடுக்கும் உரிமைகூட இல்லை. கட்டுமானம், கப்பல் பட்டறை, உற்பத்தித் துறைகளில் வேலை அனுமதிச் சீட்டில் இருக்கும், மலேசியர் அல்லாத ஊழியர் வீவக வீட்டில் வாடகைக்கு இருக்க முடியாது. அவர் குடும்பத்தை அழைத்துவர முடியாது. அவர் பெயரில் முதலாளி அரசிடம் 5,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) பிணைத்தொகை வைக்க வேண்டும். ஏற்ற இருப்பிடம் கொடுப்பதும் சட்டப்படி முதலாளியின் பொறுப்பே. அதாவது, தொழிலாளியைத் தங்கவைப்பது வீட்டுச் சந்தையின் விஷயமாக இல்லாமல் ஒரு வேலை ஒப்பந்தத்தின் துணைவிதியாக ஆகிவிட்டது.

இதைத் தற்காலிக ஏற்பாடு என்றுதான் ஆட்சியாளர்கள் முதலில் நினைத்தார்கள். 1980களின் தொடக்கத்தில், கட்டுமானம் போன்ற சில துறைகளைத் தவிர மற்றவற்றில் 1991க்குள் திறன் குறைந்த வெளிநாட்டு உழைப்பை நிறுத்திவிடுவது என்று அரசு அறிவித்தது. கூலியை உயர்த்தினால் தொழில்கள் இயந்திரமயமாகும் என்ற நம்பிக்கையும் அப்போது இருந்தது. 1985இன் பொருளாதாரச் சரிவும், அதற்குப் பின் வந்த வளர்ச்சியும் அந்தத் திட்டத்தை ஓசையில்லாமல் மூட்டை கட்டவைத்தன. அதற்குப் பதிலாக வந்தவை தீர்வையும் விகிதமும். ஒவ்வொரு வெளிநாட்டு ஊழியருக்கும் முதலாளி மாதந்தோறும் அரசுக்குத் தீர்வை கட்ட வேண்டும். உள்ளூர் ஊழியர் ஒருவருக்கு இத்தனை வெளிநாட்டவர் என்ற உச்சவரம்பையும் மீறக்கூடாது. கட்டுமானத் துறையில் அந்த வரம்பு ஒருவருக்கு ஏழு பேராக இருந்தது. 2024 சனவரியில் ஐந்தாகக் குறைக்கப்பட்டது. அதே நாளிலிருந்து தேர்ச்சி பெற்ற ஊழியருக்கு மாதம் 500 வெள்ளி, அடிப்படைத் திறன் ஊழியருக்கு 900 வெள்ளி என்று தீர்வை திருத்தப்பட்டது.

இந்த எண்களை ஓர் ஊழியரின் மாதக் கணக்காக மாற்றிப் பார்த்தால்தான் விஷயம் பிடிபடும். அடிப்படைத் திறன் ஊழியர் ஒருவருக்கு மாதம் 600 வெள்ளி சம்பளம் என்று வைத்துக்கொள்வோம். புதிதாக வருபவருக்கு இது நடப்பில் உள்ள அளவுதான். அவருக்காக முதலாளி கட்டும் தீர்வை 900. தங்குவிடுதியில் ஒரு படுக்கைக்கு 450. சாப்பாட்டையும் காப்புறுதியையும் விட்டுவிட்டாலும் மொத்தம் 1,950 வெள்ளி. இதில் மூன்றில் ஒரு பங்குகூட உழைப்பவன் கைக்கு வருவதில்லை. தேர்ச்சி பெற்று 800 வெள்ளி வாங்குபவருக்குத் தீர்வை குறைவு. அப்போதும் மொத்தச் செலவில் அவர் பங்கு பாதியைத் தொடாது. ஆகவே வெளிநாட்டு உழைப்பு சிங்கப்பூர் முதலாளிக்கு அடிமாட்டு விலையில் கிடைக்கிறது என்ற பொதுப் பேச்சு அவ்வளவு சரியில்லை. மலிவாக இருப்பது ஊழியரின் சம்பளம். உழைப்பின் மொத்த விலை அத்தனை மலிவு இல்லை. இடையில் இருக்கும் தொகை எந்தப் பைக்குப் போகிறது என்பதே கேள்வி. அதோடு, ஊழியர் அங்கே போய்ச் சேரக் கொடுத்த ஏஜென்ட் பணம் இந்தக் கணக்கில் இல்லை. சிங்கப்பூரில் உள்ள முகவர் இரண்டு மாதச் சம்பளத்துக்கு மேல் வாங்கக்கூடாது என்று அங்கே சட்டம் இருக்கிறது. புதுக்கோட்டையிலும் சிவகங்கையிலும் கைமாறும் லட்சங்களை அந்தச் சட்டம் தொடுவதில்லை. அடகு வைத்த நகையை மீட்கவே முதல் ஒரு வருடச் சம்பளம் போய்விடுகிறது என்பது அந்தப் பக்கத்து ஊர்களில் எல்லோரும் அறிந்தது.

இப்படி ஓர் ஊழியரின் வாழ்க்கை ஈரிடங்களில் பிரிந்து கிடப்பதை மைக்கேல் புராவோய் என்ற சமூகவியலாளர் 1976இலேயே தெளிவாக எடுத்துக்காட்டியிருக்கிறார். தென்னாப்பிரிக்கச் சுரங்கங்களையும் கலிபோர்னியாவின் வயல்களையும் ஒப்பிட்ட அவர், உழைப்பாளியை நாளுக்கு நாள் உயிரோடு வைத்திருக்கும் செலவு வேறு, அடுத்த தலைமுறை உழைப்பாளியை வளர்த்தெடுக்கும் செலவு வேறு என்று பிரித்தார். புலம்பெயர் உழைப்பு முறையில் முதல் செலவை வேலை தரும் ஊர் ஏற்கிறது. இரண்டாவது செலவைச் சொந்த ஊர் ஏற்கிறது. சிங்கப்பூரின் தங்குவிடுதி முதல் செலவை எவ்வளவு இறுக்க முடியுமோ அவ்வளவு இறுக்கிய வடிவம். 2020க்கு முந்தைய பெரிய விடுதியின் அறை என்றால் இருபுறமும் இரும்பு இரண்டடுக்குக் கட்டில்கள், ஒவ்வொன்றின் தலைமாட்டிலும் தொங்கும் துவைத்த சட்டைகள், கட்டிலுக்கு அடியில் பெட்டியும் அரிசிப் பையும், கூரையில் ஓடும் இரண்டு மூன்று மின்விசிறிகள். 12 பேர், 16 பேர், சில இடங்களில் அதற்கும் மேல். சமையலறையும் குளியலறையும் தளம் முழுவதற்கும் பொது. மனைவி, பிள்ளை, பெற்றோர், பள்ளிக்கூடம், மருத்துவமனை எல்லாம் 3,000 கிலோமீட்டர் தள்ளி. ஒரு மனிதனின் குடும்பத்துக்கு வேண்டிய வீட்டின் விலை கூலியிலிருந்து கழிந்துபோனதால்தான் 600 வெள்ளிக்கு ஆள் கிடைக்கிறார். அதே வேலைக்கு ஓர் உள்ளூர்க்காரர் கேட்கும் கூலிக்குள் அவருடைய வீவக வீட்டுத் தவணை உட்கார்ந்திருக்கிறது.

வட்டாரப் பொருளாதாரத்தில் இதன் முதல் விளைவு கட்டுமானத் துறையின் உற்பத்தித்திறன் மந்தம். ஆள் கிடைக்கும்வரை யாரும் இயந்திரம் வாங்குவதில்லை. 2010இல் சிங்கப்பூர் அரசின் பொருளாதார உத்திக் குழு, வெளிநாட்டவர் பங்கை மொத்த ஊழியர்களில் மூன்றில் ஒன்றோடு நிறுத்த வேண்டும், உற்பத்தித்திறனை ஆண்டுக்கு 2 முதல் 3 விழுக்காடு உயர்த்த வேண்டும் என்று சொன்னபோது, அதன் கண்ணில் உறுத்திய துறைகளில் கட்டுமானம் முக்கியமானது. அதன் பிறகு தீர்வை படிப்படியாக ஏற்றப்பட்டது; குளியலறைகளையும் முழு அறைகளையும் தொழிற்சாலையில் செய்து, தளத்தில் கொண்டுவந்து அடுக்கும் முறை சில இடங்களில் கட்டாயமாக்கப்பட்டது. அப்படியானால் ஆள் எண்ணிக்கையை இன்னும் வெட்டிவிட்டால் போதாதா, உள்ளூர்க் கூலி தானாக உயராதா என்று கேட்பவர்கள் உண்டு. அமெரிக்காவில் இதற்கு ஒரு பதில் கிடைத்திருக்கிறது. மெக்சிகோ விவசாயத் தொழிலாளரை அழைத்துவந்த பிராசெரோ திட்டம் 1964 இறுதியில் நிறுத்தப்பட்டதை கிளெமன்ஸ், லூயிஸ், போஸ்டல் ஆகியோர் 2018இல் ஆராய்ந்தார்கள். உள்ளூர்க் கூலி குறிப்பிடும்படி உயரவில்லை. இயந்திரம் தயாராக இருந்த தக்காளி போன்ற பயிர்களில் விவசாயிகள் இயந்திரத்துக்குப் போனார்கள். இயந்திரம் இல்லாத பயிர்களில் சாகுபடியைக் குறைத்தார்கள். ஆளைக் குறைத்தால் உள்ளூர்க்காரனுக்குக் கூலி ஏறும் என்ற எதிர்பார்ப்பு அங்கே பலிக்கவில்லை. எண்ணிக்கையைவிட, ஒவ்வோர் ஆளுக்கும் முதலாளி கொடுக்கும் விலைக்குள் எவையெல்லாம் அடங்குகின்றன என்பதுதான் தொழில்நுட்பத் தேர்வை அதிகம் தீர்மானிக்கிறது என்று நினைக்க இடமிருக்கிறது. தீர்வை அந்த விலையை ஏற்றியது உண்மை. ஆனால் அது தலைக்கு இவ்வளவு என்று விதிக்கப்பட்டது. அந்தத் தலை எங்கே சாய்கிறது என்பதைப் பற்றி அது எதுவும் கேட்கவில்லை.

சிங்கப்பூர் தன் ஊழியர்களின் வீட்டுச் செலவை அப்பால் வைப்பதற்கு இன்னொரு இடமும் உண்டு, அது பக்கத்து மலேசியாவின் ஜொகூர். தினமும் 3 லட்சத்துக்கும் மேற்பட்ட மலேசியர்கள் பாலத்தைக் கடந்து வேலைக்குப் போகிறார்கள். விடியற்காலை 4 மணிக்கெல்லாம் ஜொகூர் பாருவில் மோட்டார் சைக்கிள்கள் வரிசை கட்டிவிடும். வெள்ளியில் சம்பளம், ரிங்கிட்டில் வாடகை. ஒரு வெள்ளிக்கு மூன்று ரிங்கிட்டுக்கு மேல் கிடைக்கும்போது இதைவிட லாபமான ஏற்பாடு அவர்களுக்கு இல்லை. சிங்கப்பூர் முதலாளிக்கும் லாபம்: ஊழியரின் குடும்பம், பள்ளி, வீடு எல்லாம் நீரிணைக்கு அந்தப் பக்கம். ஆனால் ஜொகூருக்கு இது இருபக்கமும் கூரான கத்தி. சிங்கப்பூர்ச் சம்பளத்தோடு வீடு தேடுபவன் வாடகையை ஏற்றுகிறான். ரிங்கிட்டில் சம்பளம் வாங்குபவன் அவனோடு போட்டி போட முடியாது. ஜொகூரின் தொழிற்சாலைகள் தேர்ந்த ஊழியர்களைச் சிங்கப்பூருக்கு இழந்துவிட்டு, நேபாளத்திலிருந்தும் வங்கதேசத்திலிருந்தும் ஆள் எடுக்கின்றன. அவர்களும் அங்கே நெருக்கமான விடுதிகளில்தான் தங்குகிறார்கள். ஒரு நகரம் தன் வீட்டுச் செலவைத் தள்ளிவிட்டால் அடுத்த ஊர் அதே செயலைத் தன் பக்கத்து ஏழைக்குச் செய்கிறது. 2026 இறுதியில் திறக்க இருக்கும் விரைவு ரயில் இணைப்பு மணிக்கு ஒரு திசையில் 10,000 பேரைக் கொண்டுபோகும். 2025 சனவரியில் இரு நாடுகளும் கையெழுத்திட்ட ஜொகூர்-சிங்கப்பூர் சிறப்புப் பொருளியல் மண்டல ஒப்பந்தம் முதலீட்டைப் பற்றி நிறையப் பேசுகிறது. ரயில் நிலையத்தைச் சுற்றி ஜொகூர் பாருவின் அடித்தட்டு ஊழியர்கள் எங்கே குடியிருப்பார்கள் என்பதுதான் அந்த மண்டலத்தின் மெய்யான சோதனை.

2020 மார்ச் 18 அன்று கொரோனா பரவலால் மலேசியா எல்லையை மூடியபோது இந்த ஏற்பாட்டின் விலை முதல் முறையாகக் கண்முன் தெரிந்தது. ஒரே இரவில் ஆயிரக்கணக்கான ஊழியர்களுக்குச் சிங்கப்பூரில் படுக்க இடம் தேட வேண்டியிருந்தது. அரசு ஓர் ஊழியருக்கு ஓர் இரவுக்கு 50 வெள்ளி வீதம் 14 இரவுகளுக்கு முதலாளிகளுக்கு உதவியது. ஆனால் அது முன்னோட்டம். ஏப்ரல் 5 அன்று பொங்கோலிலும் தோ குவானிலும் இருந்த இரண்டு பெரிய விடுதிகள் தனிமைப்படுத்தப்பட்ட இடங்களாக அறிவிக்கப்பட்டன. அப்போது தங்குவிடுதிகளில் இருந்தவர்கள் ஏறத்தாழ 3.23 லட்சம் பேர். அந்த ஆண்டு முடியும்போது பரிசோதனையும் இரத்த ஆய்வும் சேர்த்துக் கணக்கெடுத்ததில் அவர்களில் 47 விழுக்காட்டினருக்குத் தொற்று வந்து போயிருந்தது. விடுதிக்கு வெளியே இருந்த சமூகத்தில் அந்த அளவு கால் விழுக்காடுதான். பெரும்பாலோர் இளைஞர்கள் என்பதாலும், அரசு மருத்துவத்தை இலவசமாகவே கொடுத்ததாலும் இறப்பு மிகக் குறைவு. அதைச் சொல்லாமல் விடுவது நியாயமில்லை. கொள்ளைநோய் யாருக்கும் வரக்கூடியது, இதை வீட்டுக் கொள்கையின் தோல்வி என்று எப்படிச் சொல்வது என்று கேட்கலாம். ஒரே தீவு, ஒரே வைரஸ், ஒரே அரசு. நடுவில் வேறுபட்டது ஓர் அறையில் எத்தனை பேர் என்பது மட்டுமே. 47க்கும் கால் விழுக்காட்டுக்கும் இடையிலான தூரத்தை வேறு எதைக் கொண்டும் விளக்க முடியவில்லை.

அடுத்து நடந்தவைதான் இந்தக் கட்டுரையின் வாதத்துக்கு உயிர். விடுதிகள் பூட்டப்பட்டதும் கட்டடத் தளங்கள் நின்றன. 2020இல் கட்டுமானத் துறை மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சுருங்கியது. பலர் ஊர் திரும்பினார்கள், புதியவர்கள் வர முடியவில்லை. அந்த மூன்று துறைகளின் வேலை அனுமதிச் சீட்டுக்காரர்கள் 2019 இறுதியில் இருந்த ஏறத்தாழ 3.7 லட்சத்திலிருந்து 2020 இறுதியில் 3.1 லட்சமானார்கள். முன்பதிவு செய்து காத்திருந்த வீவக வீடுகள் ஆறு மாதம், ஒரு வருடம் என்று தள்ளிப்போயின. கல்யாணத்தை வீட்டுச் சாவியோடு கணக்குப் போட்டிருந்த இளம் தம்பதிகள் காத்திருக்க முடியாமல் வாடகை வீட்டுக்கோ மறுவிற்பனை வீட்டுக்கோ போனார்கள். வீவக மறுவிற்பனை விலைக் குறியீடு 2021இல் 12.7 விழுக்காடு, 2022இல் 10.4 விழுக்காடு ஏறியது. தனியார் வீடுகளின் வாடகைக் குறியீடு 2022 என்ற ஒரே ஆண்டில் ஏறத்தாழ 30 விழுக்காடு உயர்ந்தது. கட்டிலுக்குக் கட்டில் இடைவெளி இல்லாத ஓர் அறையில் சேமித்த பணம், இரண்டு ஆண்டுகள் கழித்து, அந்த அறையை ஒருபோதும் பார்த்திராத குடிமகனின் வாடகை ரசீதில் வட்டியோடு வந்து நின்றது. இதற்கு வேறு காரணங்களும் இருந்தன என்று சொல்லும் பொருளியலாளர்கள் சொல்வது சரியே. எல்லை திறந்தபின் வெளிநாட்டு உயர்பதவியாளர்கள் திரும்பி வந்தார்கள். வீட்டிலிருந்து வேலை செய்தவர்கள் பெரிய வீடு தேடினார்கள். கட்டுமானப் பொருள்கள் உலகெங்கும் விலை ஏறின. 30 விழுக்காட்டில் எத்தனை விழுக்காடு விடுதியினால் வந்தது என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. ஆனால் தேவை கூடிய அதே நேரத்தில் புதிய வீடுகளின் வரத்து தடைப்பட்டது என்பதும், அது தடைப்பட்டதற்குத் தொழிலாளர் இருப்பிடம் ஒரு நேரடிக் காரணம் என்பதும் மறுக்கக்கூடியவை அல்ல. வாடகைச் சந்தையிலிருந்து வெளியே வைக்கப்பட்டவர்கள் வேறொரு கதவு வழியாக அதே சந்தைக்குள் வந்துவிட்டார்கள்.

விடுதிப் படுக்கையும் சும்மா இருக்கவில்லை. தொற்றுக்குப் பின் அறைக்கு இத்தனை பேர் என்ற கட்டுப்பாடு வந்து படுக்கைகள் குறைய, ஆள் தேவையோ தேங்கிய வேலைகளால் எகிறியது. 2022 இறுதியில் அந்த மூன்று துறைகளின் ஊழியர் எண்ணிக்கை 4.1 லட்சத்தைத் தாண்டிவிட்டது. மாதம் 300 வெள்ளிக்கு உள்ளே கிடைத்த படுக்கை பல இடங்களில் 450ஐ எட்டியது. ஒப்பந்தக்காரர்கள் முறையிட்டார்கள். இந்த இடத்தில் ஒரு வலுவான ஆட்சேபம் எழுகிறது, அதை ஒதுக்கிவிட முடியாது. இந்த ஊழியர்கள் விரும்பித்தான் வருகிறார்கள். ஊரில் கிடைப்பதைவிட அங்கே மிச்சம் பிடிக்கிறார்கள். இருப்பிடத் தரத்தை உயர்த்தினால் செலவு ஏறும், ஆள் எடுப்பது குறையும், கடைசியில் அடி வாங்குவது சிங்கப்பூருக்கு வர முடியாமல் போகும் ஒரு மன்னார்குடி இளைஞன்தான் என்பது அந்த வாதம். விரும்பி வருகிறார்கள் என்பது உண்மை. மும்பையின் குடிசைப் பகுதியையோ வளைகுடாவின் சில முகாம்களையோ பார்த்தவர்கள் சிங்கப்பூர் விடுதியைக் குறைசொல்லத் தயங்குவதும் புரிகிறது. ஆனால் செலவு ஏறினால் ஆள் குறையும் என்ற பகுதி, முதலாளி ஏற்கெனவே கொடுத்துக்கொண்டிருக்கும் 500, 900 வெள்ளித் தீர்வையைக் கணக்கில் எடுக்கவில்லை. உழைப்பின் மொத்த விலையை ஏற்றாமலேயே இருப்பிடத்தை மேம்படுத்த அதில் இடம் இருக்கிறது. நல்ல இருப்பிடம் கொடுக்கும் முதலாளிக்குத் தீர்வையில் 150 வெள்ளி கழித்தால் போதும். படுக்கைக்கு ஏறிய வாடகை ஈடாகிவிடும். நெருக்கடியின்போது அரசே இதைச் செய்தது: 2020 ஏப்ரலில் தீர்வையைத் தள்ளுபடி செய்ததோடு, ஊழியருக்கு 750 வெள்ளி வீதம் முதலாளிகளுக்குத் திருப்பியும் கொடுத்தது, அவர்கள் ஊழியர்களைப் பராமரிக்க. கொள்ளைநோய்க் காலத்தில் முடிந்தது சாதாரணக் காலத்தில் முடியாது என்பதற்குக் காரணம் பொருளாதாரத்தில் இல்லை. தீர்வை பொது வருவாயில் சேர்ந்துவிடுகிறது. அதை விட்டுக்கொடுப்பது எந்த நிதியமைச்சுக்கும் எளிதல்ல.

பணத்தைவிடப் பெரிய தடை இடம். 2008இல் சிராங்கூன் கார்டன்சில் பழைய தொழிற்பள்ளி ஒன்றை ஊழியர் விடுதியாக மாற்றும் திட்டம் வந்தபோது ஆயிரத்துக்கும் மேற்பட்ட குடும்பங்கள் கையெழுத்திட்டு எதிர்த்தன. வீட்டு விலை விழும், பாதுகாப்பு கெடும் என்றார்கள். விடுதி வந்தது, ஆனால் ஆள் எண்ணிக்கை குறைக்கப்பட்டு, குடியிருப்புச் சாலையைத் தொடாமல் போக ஒரு தனிச்சாலை போடப்பட்டது. அதன் பிறகு பெரிய விடுதிகள் துவாஸ், கிராஞ்சி, மண்டாய் என்று தீவின் ஓரங்களில் பெருகின. ஓரத்தில் இருப்பவர்கள் ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் ஒரே இடத்துக்கு வருகிறார்கள். 2013 டிசம்பர் 8 அன்று லிட்டில் இந்தியாவில் ஓர் இந்திய ஊழியர் பேருந்தில் அடிபட்டு இறந்ததையடுத்து வெடித்த கலவரத்துக்கு மது காரணம், கூட்டம் காரணம் என்று பலவும் சொல்லப்பட்டன. அதன்பின் 1,000 படுக்கையோ அதற்கு மேலோ உள்ள விடுதிகளுக்கு உரிமம் கட்டாயமாக்கிய சட்டம் 2016இல் நடைமுறைக்கு வந்தது, 2023இல் 7 படுக்கையோ அதற்கு மேலோ உள்ள இடங்களுக்கும் அது விரிந்தது. 2021இல் வந்த புதிய தரம் ஒருவருக்கு 4.2 சதுர மீட்டர், அறைக்கு 12 பேருக்கு மேல் கூடாது என்கிறது. ஏற்கெனவே உள்ள விடுதிகள் அதற்கு முழுமையாக மாற 2040 வரை அவகாசம் கொடுக்கப்பட்டிருக்கிறது. வெளிநாட்டவர் வாடகைக்கு வருவதில் வீவக வட்டாரத்துக்கு 8 விழுக்காடு, ஒரு கட்டடத்துக்கு 11 விழுக்காடு என்று உச்சவரம்பு ஏற்கெனவே நடைமுறையில் இருக்கிறது. இன்று விலக்கி வைக்கப்பட்டிருக்கும் ஊழியர்களில் ஒரு சிறு பகுதியினரை, பத்தாண்டு உழைத்துத் தேர்ச்சி பெற்றவர்களை மட்டுமாவது, அந்த வரம்புக்குள் அனுமதிப்பதில் நிர்வாகச் சிக்கல் ஏதும் தெரியவில்லை. அக்கம்பக்கத்தாரின் முகச்சுளிப்புதான் மிச்சம் இருக்கிறது. அதை அரசியல் என்று அழைப்பது சரி, பொருளாதாரம் என்று அழைப்பது தவறு.

தமிழ்நாட்டுக்கு இது தூரத்துச் சங்கதி இல்லை. இங்கிருந்து போனவர்கள் அனுப்பும் பணத்தில் புதுக்கோட்டைக் கிராமங்களில் மாடி வீடுகள் எழுகின்றன. அந்த வீடுகளுக்குச் செங்கல் சுமக்கப் பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள், கட்டி முடியாத அதே கட்டடத்தில் தார்ப்பாய் கட்டித் தூங்குகிறார்கள். இதற்குள் விடுதி என்ற வடிவமும் இங்கே வந்துவிட்டது. 2021 டிசம்பரில் பூந்தமல்லி அருகே ஒரு விடுதியில் உணவு நஞ்சாகி 150க்கும் மேற்பட்ட பெண் தொழிலாளர்கள் மருத்துவமனைக்குப் போனார்கள். தோழிகள் சாலையில் உட்கார்ந்தார்கள். அவர்கள் வேலை செய்த ஸ்ரீபெரும்புதூர் ஐபோன் ஆலை சனவரி 12 வரை மூடிக் கிடந்தது. பொங்கோலில் வைரஸ் செய்ததை இங்கே ஒரு வேளைச் சாப்பாடு செய்தது. அதன் பிறகு, 2024 ஆகஸ்ட்டில் வல்லம் வடகாலில் 706.50 கோடி ரூபாய்ச் செலவில் 18,720 பெண்களுக்கான குடியிருப்பு திறக்கப்பட்டது. 13 கட்டடங்கள், அறைக்கு ஆறு பேர். தனியார் விடுதிகளின் புழுக்கத்தோடு ஒப்பிட்டால் இது பல படி மேல், குறைசொல்ல எதுவும் இல்லை. ஆனால் அதுவும் தனி ஆளுக்கான படுக்கைதான். 19 வயதில் வந்து சேரும் பெண் 25 வயதில் கல்யாணம் செய்துகொண்டால் அங்கே தொடர்ந்து இருக்க வழி இல்லை. ஆலைக்குப் பக்கத்தில் தம்பதியாக வீடு எடுக்க அவள் சம்பளம் போதாது. ஆறு வருடம் பழகிய கை வேலையை விட்டுப் போகும், புதிய கை பழக வேண்டும். இந்த இழப்பை எந்த ஆலையும் வாடகைக் கணக்கில் எழுதுவதில்லை. வல்லம் வடகாலின் அடுத்த 700 கோடியைச் சிறு குடும்ப வாடகை வீடுகளில் போட்டுப் பார்த்தால், ஒரு தொழிலாளி எத்தனை வருடம் வேலையில் நிற்கிறாள் என்பதைக் கொண்டே அந்தச் செலவு கட்டுப்படியாகிறதா என்று கணக்கிட்டுவிடலாம். அதற்கான பதிவேடு ஆலைகளிடம் இப்போதே இருக்கிறது.